கற்றாழை காயும் வரைக்கும்

போடிநாயக்கனூர் பக்கம் சிலமலை என்கிற ஊரில், எங்கள் தெருவில் ஒருத்தி இருந்தாள். எனக்கு மதினி முறை. பெயரைச் சொல்ல மாட்டேன். அதே பெயரில் அங்கே இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். ஆளாளுக்கு என்னைத்தான் எழுதினாயா என்று சண்டைக்கு வருவார்கள். மதினி என்றே இருக்கட்டும். ஊரில் பாதிப் பேருக்கு அவள் மதினிதான். மீதிப் பேருக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

வெயிலில் வெந்த உடம்புக்குச் சோற்றுக் கற்றாழை போடத் தெரியாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. வரப்பெல்லாம் அதுதான் முளைத்துக் கிடக்கிறது. வெட்டினோமா, தேய்த்தோமா, முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி வெயிலுக்குப் போனோமா என்று இருப்போம். மதினியிடம் அது நடக்காது. அவள் கையால் கற்றாழை போட்டுக்கொண்டால், அது காய்ந்து தோலோடு ஒட்டித் தானாக உதிர்கிற வரைக்கும் நிழலை விட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் வசவு. மீறி நடந்தால் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாள். கட்டின புருசன் வந்து கூப்பிட்டாலும் சரி, பண்ணைக்காரர் வந்து கூப்பிட்டாலும் சரி, அவள் சொல்லுகிற பதில் ஒன்றுதான்.

“இன்னும் காயலை.”

மருந்து செய்வதிலும் அவளுக்கு அவசரம் ஆகாது. மடலை அடியோடு அறுத்துச் சுவரில் சாய்த்து வைப்பாள். வெட்டு வாயிலிருந்து மஞ்சள் பால் முழுக்க வடிய வேண்டும். அந்தப் பால் வெந்த தோலில் பட்டால் அரிப்பு எடுத்துவிடும். பிறகு இரண்டு பக்கத்து முள்ளையும் சீவி, மேல்தோலை உரித்து, உள்ளே இருக்கிற சோற்றை மண்சட்டியில் போட்டுக் கழுவுவாள். ஏழு தண்ணீர் என்று ஊரில் சொல்வார்கள். அவள் எண்ணியதே இல்லை. கசப்பு வாடை போகிறவரை கழுவுவாள். கடைசியில் கையாலேயே பிசைந்து, உரித்த தோலின் வழவழப்பான பக்கத்தால் அள்ளித் தடவுவாள். மஞ்சள் கலக்கலாமே, தேங்காய் எண்ணெய் கொஞ்சம் விடலாமே என்று யாராவது யோசனை சொன்னால், “தாளிச்சுக் கொண்டாறேன், சோறு போட்டுத் தின்னு” என்பாள்.

போடியிலிருந்து ஒரு முறை நல்ல வசதியான வீட்டு அம்மா ஒருத்தி ஆள் அனுப்பியிருந்தாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். முகம் வெளுக்க மதினி கையால் கற்றாழை வேண்டுமாம்.

“எங்கயாச்சும் எரியுதா அந்தப் பிள்ளைக்கு?” என்று மதினி கேட்டாள்.

“எரியலை. கொஞ்சம் கருப்பு. அம்புட்டுத்தான்.”

“கருப்புக்கு எங்கிட்ட மருந்து இல்லை. சோப்பு விக்கிறவன்கிட்டப் போகச் சொல்லு, அவன்தான் அந்தப் பொய்யக் கூசாமச் சொல்லுவான்.”

வந்தவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான். வலிய வந்த வருமானத்தை எட்டி உதைக்கிறாளே என்று என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ அன்றைக்கு முழுக்கச் சிரிப்பு.

எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலை பிடுங்கும் நாள். முதுகும் கையும் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது அவளுக்கு. மதினி அவளை இழுத்து வந்து வேப்ப மரத்தடியில் உட்கார வைத்துக் கற்றாழையை அப்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மாமியார்க்காரி வந்துவிட்டாள்.

“வீட்டுல மாடு கத்துது. சோலி அம்புட்டும் போட்டது போட்டபடி கெடக்கு. மகராசி இங்க காத்தாட உக்காந்திருக்காளா?”

மதினி அந்தப் பெண்ணின் முழங்கையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“ஈரமா இருக்கே பெரியம்மா.”

“எம்புட்டு நேரமாகும்?”

“அதக் கத்தாழைகிட்டத்தான் கேக்கணும்.”

மாமியார்க்காரி முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள். அந்தப் பெண் மரத்தில் சாய்ந்தபடி தூங்கிப்போனாள். வாயைத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி தூங்கினாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து பகலில் அவள் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை. காய்கிற பக்குவம் வந்ததும் மதினி மெல்ல எழுந்து போய், தூக்கம் கலையாமல் இன்னொரு கை அள்ளித் தடவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் எனக்கு விசயம் பிடிபட்டது. நல்ல மனசுக்காரர்கள் வீட்டுப் பெண்ணென்றால் மெலிசாகத் தடவுவாள், சட்டென்று காய்ந்துவிடும். பிழிந்தெடுக்கிற வீடென்றால் தடிமனாக அப்புவாள். காய்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

“இது ஏமாத்து இல்லையா மதினி?” என்று கேட்டேன்.

“காயற வரைக்கும் எந்திரிக்கக் கூடாதுன்னுதான சொன்னேன்? எப்பக் காயணும்னு சொன்னேனா?”

இப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பே இருக்காது. அதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எல்லாருக்கும் அவளைப் பிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். வாய் ரொம்ப நீளம். நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் எதிரே நிற்பவர் சின்னவரா பெரியவரா என்று பார்க்க மாட்டாள். அவளோடு தெருவில் நடந்து போனால் எந்த நிமிசத்தில் யாரோடு தகராறு வருமோ என்று நான் ரெண்டடி பின்னாலேயே நடப்பேன். ஒரு சித்திரை மாதம் மலை மேலே ஒரு விசேசத்துக்குப் போய்விட்டு இறங்கும்போது, அடிவாரத்தில் முந்தலில் ஜீப்பு படுத்துவிட்டது. போடிக்கு உச்சி வெயிலில் நடந்தே வந்தோம். எங்களோடு வந்த ஒருத்திக்கு, முந்தின நாள் வெந்து உரிந்த கழுத்தில் மறுபடி வெயில் ஏறி, அழ ஆரம்பித்துவிட்டாள். சுற்றிலும் கடையும் வீடும்தான். கற்றாழைக்கு எங்கே போவது? மதினி நாலு பக்கமும் பார்த்தாள். ஒரு பெரிய வீட்டு நிலைப்படியில், கண்ணேறு படாமல் இருக்க ஒரு கற்றாழையை வேர் மேலே இருக்கும்படி தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். குங்குமமெல்லாம் வைத்திருந்தது. மதினி நேரே போய் நல்ல சதைப்பிடிப்பான மடலாகப் பார்த்து ஒடித்துவிட்டாள்.

வீட்டுக்கார அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். “ஐயையோ, கண்ணேறுக்குக் கட்டினதுல போய்க் கை வச்சிட்டியே! ஒனக்கு என்ன கேடு?”

“ஒங்க வீட்டுக்குக் கண்ணு பட்டா நாளைக்கோ மறுநாளோ பாத்துக்கலாம் தாயி. இவளுக்கு இப்ப எரியுது. ஒரு சட்டியும் தண்ணியும் கொண்டாங்க.”

சட்டி வந்தது. மடலை வடிய வைத்து, கழுவி, பிசைந்து, அந்த வீட்டு வாசல் நிழலிலேயே அவளை உட்கார வைத்துத் தடவியும் விட்டாள். காய்கிறவரை நாங்களும் கூடவே உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அந்த அம்மாவே ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து நீட்டினாள். மனசு இளகிக் கொடுத்தாளா, வெரசாக இடத்தைக் காலி பண்ணட்டும் என்று கொடுத்தாளா, எனக்குத் தெரியாது. மோர் நன்றாக இருந்தது.

இத்தனை பேரை உட்கார வைத்தவள் தான் ஒரு நாளும் கற்றாழை போட்டுக்கொண்டு உட்கார்ந்ததில்லை. சேலைக்கு மேலே புருசனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை செய்வாள். காலருக்கு மேலே பிடரி கருகி, உரிந்து, உரிந்த இடம் மறுபடி கருகி, மாட்டின் கழுத்துக் காய்ப்பு மாதிரி இருக்கும். ஒனக்கு நான் போட்டு விடட்டுமா மதினி என்று ஒரு தடவை கேட்டேன்.

“நான் உக்காந்தா எனக்குக் காவல் யாரு?” என்றாள்.

அதைக் கேட்டு எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போனோம். விடிகிற முன்னே ஜீப்பு சிலமலைக்கு வந்துவிடும். ஒருத்தி மடியில் ஒருத்தி, பின்னால் தொங்கிக்கொண்டு சிலர் என்று ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும். ஏலக்காட்டுக்குள் வேலை என்றால் மேலே மரம் இருக்கும், வெயில் தெரியாது. எங்களைப் போட்டது நாற்றங்காலில். கோடைக் கடைசி. மழை விழுவதற்குள் புதுப் பாத்திகள் தயாராக வேண்டும். மரமெல்லாம் வெட்டி வெளியாக்கின சரிவில் மண்ணை வெட்டி, கல் பொறுக்கி, சலித்து, கூடையில் சுமந்து கொட்ட வேண்டும்.

மலை வெயில் ஏமாற்றுக்கார வெயில். குளிர்ந்த காற்று அடித்துக்கொண்டே இருக்கும், சுடுவதே தெரியாது. சமவெளி வெயிலுக்கு முக்காடு போட்டுப் பழகின நாங்கள், இது என்ன வெயில் என்று தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலை பார்த்தோம். சாயங்காலம் ஜீப்பில் இறங்கும்போது என் கழுத்திலும் முன்கையிலும் மிளகாய் அரைத்துப் பூசினது போல எரிந்தது. மறுநாள் கொப்புளம். எனக்கு மட்டுமில்லை, பாதிப் பேருக்கு.

அன்றைக்கே மதினி தூக்குவாளியின் மேல்தட்டில் கற்றாழை மடல்களை அடுக்கிக் கொண்டுவந்துவிட்டாள். மத்தியானம் எனக்குத் தடவிவிட்டு நிழல் தேடினாள். அந்தச் சரிவு முழுக்கத் தேடினாலும் நிழல் ஒரே இடத்தில்தான் இருந்தது. ஏல நாற்றுக்கு வெயில் ஆகாது என்று கம்பு நட்டு, தழையும் புல்லும் பரப்பிப் பந்தல் போட்டிருந்தார்கள். அதன் கீழே நாற்றெல்லாம் பச்சைப் பசேலென்று சுகமாக நின்றது. என்னைக் கொண்டுபோய்ப் பாத்தி ஓரமாக உட்கார வைத்தாள்.

மேஸ்திரி ஓடி வந்தான். போடிக்காரன். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். முதலாளிக்கு முன்னால் நல்ல பேர் வாங்கத் தவிக்கிறவன்.

“ஏத்தா, பந்தலுக்குள்ள யார ஒக்கார வச்சிருக்க? அது நாத்துக்குப் போட்டது!”

“தெரியுது மேஸ்திரிண்ணே. ஏலத்துக்கு வெயில் ஆகாது. பொம்பளைக்கு ஆகுமா?”

“அது வாடினா முதலாளிக்கு நட்டம்.”

“இவ வாடினா?”

மேஸ்திரி, பதில் வராதபோது ஆண்கள் செய்வதைச் செய்தான், சத்தம் போட்டான். மதினி என் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, “இன்னும் காயலை” என்றாள்.

செய்தி முதலாளி காதுக்குப் போனது. அவர் விவரமான ஆள், கோபப்படவில்லை. ரெண்டு நாள் கழித்து ஜீப்பில் எங்களோடு ஒரு சாக்குக் கற்றாழையும் ஏறியது. தோட்டத்தில் இறங்கினதும் மேஸ்திரி வாயெல்லாம் பல்லாக மதினியிடம் வந்தான்.

“முதலாளி ஒன்னைய ரொம்ப மெச்சிக்கிட்டாரு. இனிமே நீ மண்ணு வெட்ட வேண்டாம், செமக்க வேண்டாம். காலையில எல்லாருக்கும் இதத் தடவிவிடு. அதுதான் ஒனக்குச் சோலி. கூலி எப்பவும் போல.”

எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோசம். மதினிக்கும் இனி ஓய்வு, எங்களுக்கும் மருந்து. ஒருத்தி கழுத்தை நீட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றேவிட்டாள். மதினி மட்டும் அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தடவுறேன். காயற வரைக்கும் எங்க ஒக்காருவாக?”

“ஒக்காருறதா? தடவிக்கிட்டு வேலையப் பாக்கத்தான முதலாளி வாங்கி அனுப்பியிருக்காரு?”

“அப்ப இது மருந்து இல்லை மேஸ்திரிண்ணே. லாடம்.”

அவனுக்குப் புரியவில்லை.

“மாட்டுக்கு எதுக்கு லாடம் அடிக்கிறாக? கால் நோகக் கூடாதுன்னு எரக்கப்பட்டா? இன்னும் நாலு மைல் கூட நடக்கணும்னு. நான் லாடம் அடிக்கிறவ இல்லை. சாக்கக் கட்டிக் கொண்டுபோயிரு.”

சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது. ஆயுசில் முதல் தடவையாக ஒருத்தன் அவளிடம் நீ உட்கார் என்று சொன்னான். அதையும் தள்ளிவிட்டாளே என்று. கழுத்தை நீட்டின பெண்ணுக்கு அவள் மேல் கோபம். இனாமாக வந்த மருந்தைக் கெடுத்தாள் என்று மத்தியானம் வரை முனகினாள். சாப்பாட்டு நேரத்தில் மதினி எங்கள் நடுவில் வந்து நின்றாள்.

“நாத்துக்குப் போட்ட மாதிரி மண்ணு சலிக்கிற எடத்துக்கும் ஒரு பந்தல் போடச் சொல்லிக் கேக்கப்போறேன். போடலைன்னா மண்ணு அள்ள மாட்டேன். கூட வர்றவ வா. வராதவள நான் ஏசப் போறதில்லை.”

கேட்டாள். மேஸ்திரி சிரித்தான். பொம்பளைகளுக்குப் பந்தலா, கல்யாணமா நடக்குது இங்க என்றான். சாயங்காலம் ஜீப்பு ஏறும்போது அந்தச் சிரிப்பு இல்லை. “நாளையிலேர்ந்து ஒனக்கு இந்த ஜீப்புல எடம் இல்லை” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

ஜீப்பில் இடம் இல்லை என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஒரு ஜீப்பு இறக்கிவிட்ட ஆளை இன்னொரு ஜீப்பு ஏற்றாது. மேஸ்திரிமார்கள் எல்லாரும் போடியில் ஒரே டீக்கடையில் நிற்கிறவர்கள். அந்த வருசம் ஊரில் மானாவாரிக் காட்டில் விளைச்சலும் இல்லை. அவளுக்கு மலை வேலை போனால் அடுப்பு எரியாது.

மறுநாள் விடியற்காலையில் அவள் எப்போதும் போலத் தூக்குவாளியோடு வந்து, ஜீப்பு நிற்கிற புளிய மரத்தடியில் நின்றாள். ஜீப்பு வந்தது. டிரைவர் எங்கேயோ பார்த்தான். மேஸ்திரி அவள் கையைத் தட்டிவிட்டு மற்றவர்களை ஏற்றினான். நான் ஏறிவிட்டேன். ஏறி உட்கார்ந்த பிறகு அவள் பிடரி என் கண்ணில் பட்டது. ஜீப்பு நகர்வதற்குள் இறங்கிவிட்டேன். கடலை பிடுங்கின அன்றைக்கு வேப்ப மரத்தடியில் தூங்கினாளே, அந்தப் பெண் எனக்குப் பின்னால் குதித்தாள். இன்னும் சிலர் இறங்கினார்கள். எல்லாரும் இறங்கினார்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் பாதிப் பேர் போனார்கள். வீட்டில் பிள்ளைக்குப் பால் இல்லாதவளை என்ன சொல்வது?

ஜீப்பு போனதும் நான் அவள் தூக்குவாளியைத் திறந்து மடலை எடுத்தேன். மரத்தில் சாய்த்து வடிய வைத்தேன். சீவி, உரித்து, பக்கத்துக் குழாயில் கழுவினேன்.

“என்னாடி பண்ற?”

“குனி மதினி.”

“எனக்கு எதுக்கு…”

“குனின்னா குனி. காவலுக்கு நாங்க இருக்கோம்.”

மரத்தடியில் உட்கார்ந்து குனிந்தாள். அந்தப் பிடரியில் நான் தடிமனாக, ரொம்பத் தடிமனாக அப்பினேன். கை பட்டதும் உடம்பு ஒரு உதறு உதறியது. அவ்வளவு எரிச்சலை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் எங்களுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறாள். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை.

உச்சிப் பொழுதுக்கு முன்னாலேயே ஜீப்பு திரும்பி வந்துவிட்டது. மேல் மலையில் மேகம் கூடிவிட்டதாம். இருக்கிற ஆளை வைத்துப் பாத்தி முடியாதாம். மேஸ்திரி இறங்காமலே கையை ஆட்டினான்.

“சரி சரி, அம்புட்டுப் பேரும் ஏறுங்க. இவளும் ஏறட்டும். வெரசா!”

மதினி எழப் போனாள். நான் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தேன். எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்ததோ, பிடரியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன்.

“இன்னும் காயலை மேஸ்திரிண்ணே.”

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மலையைப் பார்த்தான். மலை இருட்டிக்கொண்டு வந்தது.

“பந்தல் போட்டுட்டு ஜீப்ப அனுப்புங்க. நாங்க இங்க நெழல்லதான் இருக்கோம்” என்றாள் மதினி, குனிந்த தலையை நிமிர்த்தாமலே.

அன்றைக்கு ஜீப்பு வெறுமனே போனது. மறுநாள் வரவே இல்லை. அன்றிரவு எங்கள் வீட்டில் எனக்கு விழுந்த ஏச்சைச் சொல்லி முடியாது. அதற்கு அடுத்த நாள் விடியற்காலையில் ஆரன் சத்தம் கேட்டது. மதினிக்கு முன் சீட்டு ஒதுக்கியிருந்தார்கள். அவள் பின்னால்தான் ஏறினாள்.

தோட்டத்தில் மண் சலிக்கிற இடத்துக்கு மேலே புதுக் கம்பு நட்டு, பச்சைத் தழை போட்டு, பந்தல் நின்றது. அடியில் நிழல் குளுகுளுவென்று கிடந்தது. எங்களுக்குச் சந்தோசத்தில் கை கால் ஓடவில்லை. மேஸ்திரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தான் கட்டின கோயிலைக் காட்டுகிறவன் போல நின்றான்.

“என்னாத்தா, இப்பத் திருப்தியா?”

மதினி பந்தலுக்குள் போய் அண்ணாந்து பார்த்தாள். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெதுவாக நடந்தாள்.

“மேக்குப் பக்கம் ஓட்டையா இருக்கு. சாயங்கால வெயில் உள்ள விழும். அதை அடைச்சிருங்க.”

சொல்லிவிட்டு நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அவன் ஏணியைத் தேடிக்கொண்டு போனான்.